குங்குமம் பட்ட கர்னல்

என் கணவர் எதற்கும் ‘சரி’ என்று சொல்ல மாட்டார், ‘வேண்டாம்’ என்றும் சொல்ல மாட்டார். ‘பார்க்கலாம்’ என்பார். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று அவர் வீட்டில் ‘என்னடா சொல்றே?’ என்று கேட்டதற்கும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொன்னாராம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்களும் ஒரு மாதம் தவித்திருக்கின்றன. கிண்டி வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப்போகிறேன் என்று நான் சொன்னபோதும் அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, ‘பார்க்கலாம்’ என்றார். எனக்கு உச்சந்தலை வரை கோபம் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியைத் தாண்டிய காலம். கிழக்குத் தாம்பரத்தில் சேலையூர் போகும் வழியில் குடியிருந்தோம். நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராம்களை எழுதிக்கொண்டிருந்தேன். அவரும் கிண்டிதான். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். அவர் ஷிப்ட்டுக்குப் போவது விடியற்காலை வண்டியில், நான் போவது ஆபீஸ் நேரத்து வண்டியில். தாம்பரத்தில் ஏறுபவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டியில் ஊரப்பாக்கத்திலேயே லேடீஸ் பெட்டி நிரம்பிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்தவர்களுக்காவது வரம் கிடைத்தது, எனக்குக் கிண்டிதான் கிடைத்தது. மாதா மாதம் எங்கள் இரண்டு பேரின் சீசன் டிக்கெட்டையும் அவர்தான் எடுத்துவருவார். அவர் திரும்பும் நேரத்தில் கவுண்டரில் கூட்டம் இருக்காது.

வேலையை விட நினைத்ததற்கு ரயில் மட்டும் காரணமில்லை. கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வாரம் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். வருஷத்தில் அந்த நாட்களில் மட்டும்தான் நான் சந்தோஷமாக வேலைக்குப் போனேன். மற்ற நாட்களெல்லாம் யாருடைய ஓவர்டைமையோ எதனாலோ பெருக்கிக்கொண்டிருந்தேன். நீண்ட விடுப்பு கேட்டேன், கொடுத்தார்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வகுப்பு தொடங்கி ஓட வேண்டும். ஓடாவிட்டால் திரும்பவும் அதே லேடீஸ் பெட்டிதான்.

எங்களைச் சுற்றிலும் கல்லூரிகள். எல்லாவற்றிலும், பெரிய மெஷின்களை நடத்தும் யூனிக்ஸ் ஒரு பாடம். ஆனால் லேபில் ஒரு மெஷினுக்குப் பத்துப் பேர் வரிசை கட்டினார்கள். பிள்ளைகள் கமாண்டுகளை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினார்கள். கரையில் படுத்துக்கொண்டு நீச்சல் பழகுகிற மாதிரி. இவர்களுக்கு விரலால் தட்டிப் பார்க்க ஒரு இடம் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். உண்மையான யூனிக்ஸ் வாங்குவதற்கு என் வீட்டை விற்க வேண்டும், வீடோ வாடகை வீடு. ஆனால் அதே மாதிரி ஓடும் லினக்ஸ் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அது முழுசாகக் கிடைத்தது.

திட்டம் இதுதான். நல்ல மெஷின் ஒன்று நடுவில், அதில் லினக்ஸ். பழைய மெஷின்கள் மூன்று சுவரோரமாக. நான்கையும் கேபிளால் இணைத்துவிட்டால் ஒரே நேரத்தில் மூன்று பேர் நடு மெஷினுக்குள் போய் வேலை செய்யலாம். ரிச்சி தெருவில் அலைந்து நான்கு நெட்வொர்க் கார்டுகள் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் ஊரும் பேரும் இல்லாத கார்டுகள். பழைய மெஷின்கள் மூன்றும் கடைக்காரர் கொடுத்த டிஸ்க்கைப் போட்டதும் கார்டுகளை ஏற்றுக்கொண்டன. நடுவில் இருந்த பெரிய மனிதர் மட்டும், கல்யாண வீட்டில் ஏழைச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல், அப்படி ஒரு கார்டு இருப்பதையே கண்டுகொள்ளவில்லை. கடைக்காரரிடம் போனேன். “வித்த பொருள் வாபஸ் இல்லம்மா” என்று சொல்லி, சுவரில் எழுதியிருந்ததைக் கையால் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

என் தம்பி தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தான். அவன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

“அக்கா, உன் சிடியில இருக்கற கர்னலுக்கு இந்தக் கார்டு தெரியாது. புதுசா வந்த கர்னல்ல இதை ஓட்டற டிரைவர் புரோகிராமைச் சேர்த்திருக்காங்க. அதோட சோர்ஸைக் கொண்டுவந்து உன் மெஷின்லயே கம்பைல் பண்ணணும்.”

“சிடியிலயே சோர்ஸ் இருக்குமே?”

“பார்த்துட்டேன், இல்ல. ஒத்த சிடியில இடம் பத்தலேன்னு சோர்ஸை விட்டுட்டாங்க.”

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கர்னல் என்றால் என்ன என்று கேட்டார். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கர்னல்தான் உள்ளே இருந்து மொத்த மெஷினையும் நடத்துவது. சிடியில் இருப்பது கடையில் வாங்கிய இட்லி, அதில் இனி உப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நமக்கு இப்போது சோர்ஸ் என்கிற அரிசியும் உளுந்தும் வேண்டும், நம் வீட்டிலேயே அரைத்து ஊற்ற வேண்டும், அதுதான் கம்பைல். அவர் கடலையை வாயில் போட்டுக்கொண்டு, “அப்ப அரைச்சுடு” என்றார். அரிசி தரமணியிலிருந்து வர வேண்டும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

தம்பி ஆபீசில் இன்டர்நெட் இருந்தது, இல்லாததைப் போலவும் இருந்தது. நூறு பேருக்கு ஒரே லைன். கர்னல் சோர்ஸ் முழுவதையும் இறக்குவதற்குள் லைன் அறுந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். தினமும் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் செய்வான். மளிகைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, “யக்கா, உன் தம்பி பாதி வந்துச்சாம், மறுபடி போயிடுச்சாம்!” என்று கத்துவார். என்னவென்று தெரியாமலே தெருவில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கவலைப்படாதே, அடுத்த மாசம் நிக்கும்” என்றாள்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். விஜயதசமி அன்று வகுப்பு தொடக்கம் என்று நாலு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கம் பரதநாட்டியத்திலிருந்து டைப்ரைட்டிங் வரை எதுவானாலும் விஜயதசமியில்தான் தொடங்குவார்கள். அன்று தொடங்கியது விளங்கும் என்று எல்லா மதத்துக்காரர்களும் நம்பினார்கள். நானும் நம்பினேன். சயின்ஸ் படித்தவள் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

விஜயதசமிக்கு முந்தின நாள், ஆயுத பூஜை அன்று, கர்னல் வந்து சேர்ந்தது. தம்பி அதைப் பத்திரமாகச் சுருக்கி, ஐந்து துண்டாக வெட்டி, ஐந்து ஃபிளாப்பியில் ஏற்றி, கிண்டி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் என் கணவர் கையில் கொடுத்திருக்கிறான். அவர் பட்டறை பூஜையை முடித்துவிட்டு மத்தியானம் வந்தார். ஒரு கையில் பொரி கடலை, பழம், பட்டறையில் கொடுத்த இனிப்புப் பெட்டி. இன்னொரு கையில் மஞ்சள் பைக்குள் ஐந்து ஃபிளாப்பி. நான் இனிப்பை விட்டுவிட்டு மஞ்சள் பையைப் பிடுங்கினேன்.

“இரு இரு, பூஜை முடியட்டும். இன்னிக்கு எல்லா ஆயுதமும் பூஜையில இருக்கணும்.”

“ஒரு மணி நேரத்துல காப்பி பண்ணிட்டு வச்சிடறேங்க.”

“பட்டறையில ஒரு ஸ்பேனரைக்கூட இன்னிக்குத் தொட விடமாட்டோம். நீ என்ன, மெஷினையே ஓட்டறேங்கறே?”

எந்த விஷயத்திலும் வாய் திறக்காத மனிதர் ஆயுத பூஜை விஷயத்தில் மட்டும் ஹைகோர்ட் ஜட்ஜ். பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு அது தீபாவளியைவிடப் பெரியது. வருஷம் முழுக்க விரலைக் காவு வாங்கத் தயாராக இருக்கும் மெஷின்களுக்கு அன்று ஒருநாள் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை எடுக்கக் கூடாது. சின்ன வயதில் எனக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அதுதான், புத்தகத்தைத் தொடு என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நன்றிக்காகச் சரி என்றேன். நான்கு மெஷினுக்கும், ஃபிளாப்பிகளுக்கும், அவருடைய ஸ்கூட்டருக்கும், என் அருவாமணைக்கும் பொட்டு வைக்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனேன். வந்து பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. கீபோர்டு மேல் சாமந்தி, மானிட்டர் நெற்றியில் சந்தனம். ஐந்து ஃபிளாப்பிகளும் தாம்பாளத்தில் வரிசையாகப் பூ வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. கற்பூரம் காட்டினோம், மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்து, மறுபூஜை செய்து, கற்பூரத்தை அணைய விடாமலே முதல் ஃபிளாப்பியை எடுத்து மெஷினில் போட்டேன். கர்ரக் கர்ரக் என்று ஒரு சத்தம். காய்ந்த தேங்காய் மூடியைத் துருவுகிற மாதிரி. படிக்க முடியவில்லை என்று திரையில் வரி வரியாக வந்தது. வெளியே எடுத்தேன். ஃபிளாப்பியின் தலையில் ஒரு தகரக் கதவு இருக்கும், தள்ளினால் உள்ளே பழுப்புத் தட்டு தெரியும், அதில்தான் எல்லாம் பதிவாகியிருக்கும். கதவைத் தள்ளினேன். பழுப்புத் தட்டில் ஒரு சந்தன வட்டம், அதன் நடுவில் குங்குமம், சுற்றிலும் செக்கச் செவேலென்று ஒரு கோடு.

மற்ற நான்கையும் தள்ளிப் பார்த்தேன். நான்கிலும் பொட்டு. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

“ஏங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். அவர் பாதி சவரத்தோடு ஓடி வந்தார்.

“இது என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?”

“பொட்டு” என்றார்.

“பொட்டுன்னு எனக்குத் தெரியாதா? மேல வச்சா ஆகாதா? கதவைத் திறந்து உள்ள வச்சிருக்கீங்களே, வேணும்னே செஞ்சீங்களா? நான் மறுபடியும் அந்த ரயில்லயே தொங்கணும்னுதானே உங்களுக்கு ஆசை! அதான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாம ரெண்டு மாசமா பார்க்கலாம் பார்க்கலாம்னு…”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி கர்னல் இல்லை. தரமணி ஆபீஸ் இரண்டு நாள் பூட்டு, தம்பி காஞ்சிபுரத்தில் மாமியார் வீட்டில். நல்ல நேரம் தொடங்கினதும் நாலு பிள்ளைகளும் பெற்றோரோடு வந்து நிற்கப்போகிறார்கள். நாளைக்கு நான் கிண்டியில் நிற்கப்போகிறேன்.

அவர் சோப்பு நுரையோடு நின்று ஃபிளாப்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மேல இருக்கறது சட்டைதானே. லேத்துக்குக் கவர்மேல பொட்டு வைக்க மாட்டோம், வேலை செய்யற இடத்துலதான் வைப்போம். இதுல எது வேலை செய்யும்னு உன் தம்பியைப் பிளாட்பாரத்துலயே கேட்டேன். கதவைத் தள்ளிக் காட்டினான். சட்டைக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா? நெத்திக்குத்தானே வைக்கணும்? உனக்கு நல்லபடியா ஓடணும்னுதான்…”

பிளாட்பாரத்தில் நின்று, வண்டி போனால் போகட்டும் என்று, எது வேலை செய்யும் என்று விசாரித்திருக்கிறார். முட்டாள்தனத்திலும் இப்படி ஒரு சிரத்தையா என்று ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஒருமுறை ஒருவர் ஃபிளாப்பி மேல் காபியைக் கொட்டிவிட்டார். கூட்டைப் பிளந்து தட்டை எடுத்து அலசி, வேறு கூட்டில் போட்டுப் படித்தோம். காபியும் சந்தனமும் ஒன்றல்லதான். ஆனால் அழுதுகொண்டிருப்பதைவிட அலசிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மாணவர்களுக்காக ஒரு பெட்டி புது ஃபிளாப்பி வாங்கி வைத்திருந்தேன். அதிலிருந்து ஐந்தைக் கொடுத்து, பிளேடையும் கொடுத்து, கூட்டை உடையாமல் பிளக்கச் சொன்னேன். அவர் முகத்து நுரையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டார். தட்டில் விரல் கறை படாமல், மையத்தில் இருக்கும் இரும்பு வட்டத்தை மட்டும் பிடித்து, ஐந்து பழுப்புத் தட்டுகளையும் எடுத்துத் தந்தார். சமையலறைக் குழாயைத் திறக்கப் போனேன்.

“அய்யய்யோ, போர் தண்ணி வேணாம்!” என்றார்.

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பருப்பு வேகாது. தரையில் சிந்திக் காய்ந்தால் வெள்ளையாகக் கோலம் போடும். அது தட்டில் படிந்தால் குங்குமமே பரவாயில்லை. ஸ்கூட்டர் பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கில் வாங்கிய டிஸ்டில்ட் வாட்டர் பாட்டில் டிக்கியில் இருந்தது. அதை எடுத்துவந்தார். பாயசத்துக்காகக் கழுவி வைத்திருந்த எவர்சில்வர் பேசினில் அதை ஊற்றி, ஒரு சொட்டு ஷாம்பு விட்டு, நான் பிடித்துக்கொள்ள அவர் பஞ்சால் ஒற்றி ஒற்றிக் கழுவினார். தேய்க்காதீங்க தேய்க்காதீங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தையும் கழுவி முடித்தபோது பேசினில் தண்ணீர் ஆரத்தி கரைத்ததுபோல் இருந்தது. பிறகு, பூ கட்டி மீந்த நூலை நடு வட்டத்தின் துளையில் கோத்து, வராந்தாவில் துணிக்கொடியில் ஐந்தையும் தொங்கவிட்டோம். டேப் ரெக்கார்டர் துடைக்கிற ஸ்பிரிட்டால் நான் டிரைவின் உள்ளே ஒட்டியிருந்த சந்தனத்தைத் துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து பாய் வந்துவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் மகளை எல்லோருக்கும் முன்னால் சேர்த்துவிட வேண்டும் என்று நல்ல நேரத்துக்கு முன்பே கிளம்பி வந்திருக்கிறார். கையில் வெற்றிலை பாக்கு, பழம், மல்லிகைப் பூ. தட்டு எப்படி வைக்க வேண்டும் என்று யாரையோ கேட்டு வாங்கியிருக்கிறார். வராந்தாவில் நின்று கொடியையே பார்த்தார்.

“இன்னாம்மா இது, கம்ப்யூட்டர தொவச்சி காயப்போட்டுகினு கீறீங்க?”

“கொஞ்சம் அழுக்காயிடுச்சு பாய். உட்காருங்க.”

“அது சரி. சைக்கிள் செயினையே நாங்க மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டுத்தான் எடுப்போம். எல்லா மெஷினுக்கும் அதானே” என்று அவராகவே சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். மகள்தான் சந்தேகமாகப் பார்த்தாள். அவள் லேபில் ஃபிளாப்பியைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

காய்ந்த தட்டுகளைப் புதுக் கூட்டுக்குள் வைத்து என் கணவர் ஒவ்வொன்றாகக் கொடுக்க, நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். முதலாவது உள்ளே போனதும் மெதுவாக உர்ர் என்றது. துருவல் சத்தம் இல்லை. படித்தது. இரண்டாவது, மூன்றாவது படித்தன. நான்காவது பாதியில் நின்றது. எடுத்துப் போட்டேன், நின்றது. ஒரு துண்டு இல்லாவிட்டாலும் அதற்குப் பின்னால் இருப்பது அத்தனையும் வீண். அதை ஒதுக்கிவிட்டு ஐந்தாவதைப் போட்டேன், படித்தது. திரும்ப நான்காவது. மறுபடியும் நின்றது. அவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் ஊசிமுனை அளவு ஒட்டியிருந்த சிவப்பைக் காட்டினார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நான் அதை ஒற்றியெடுத்தேன். போட்டேன். டிரைவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பாயும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். விளக்கு அணைந்தது, பிழை எதுவும் வரவில்லை.

ஐந்து துண்டுகளையும் ஒட்டி, சுருக்கியதைப் பிரித்தேன். திரையில் கோப்புகளின் பெயர்கள் மழை மாதிரி கொட்டின. யார் யாரோ, எந்தெந்த ஊரிலோ எழுதியது. அத்தனையும் என் மெஷினில், அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்தக் கார்டின் டிரைவர் எங்கே என்று தேடினேன், இருந்தது. நான் சிரித்ததைப் பார்த்து பாயும் சிரித்தார்.

அடுத்தது கேள்விக் கட்டம். கர்னலைக் கட்டுவதற்கு முன் அது நம்மைக் கேள்வி கேட்கும். உன்னிடம் அது இருக்கிறதா, இது இருக்கிறதா, ஆம் என்று சொல், இல்லை என்று சொல். என்னைப் பெண் பார்க்க வந்த என் கணவரின் அத்தைகூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. அவசரத்தில் ஒன்றைத் தவறாகத் தட்டிவிட்டால் பின்னால் போக முடியாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரேடியோ வைத்திருக்கிறாயா என்றது, இல்லை. உலகத்தில் யாரிடமோ இருக்கும் ஏதேதோ கருவிகளைச் சொல்லிக் கேட்டது, இல்லை, இல்லை, இல்லை. கடைசியாக என் கார்டின் பெயரைச் சொல்லிக் கேட்டது. ஆம் என்று தட்டினேன்.

கட்டத் தொடங்கியதும் நாம் செய்ய ஒன்றுமில்லை. அதற்குள் மற்ற மூன்று பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். முன்னறையில் செருப்புக் குவியல். எல்லோரும் நடு மெஷினைச் சுற்றி நின்று ஓடும் எழுத்துகளைப் பார்த்தார்கள். தாம்பரத்து வோல்டேஜை நம்ப முடியாது, ஆகவே என் கணவர் ஃபிரிட்ஜை நிறுத்தினார், ஃபேனை நிறுத்தினார், எதிர்வீட்டுக்குப் போய் கிரைண்டர் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். புழுக்கத்தில் எல்லோரும் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு சுண்டல் சாப்பிட்டார்கள். மேலே பயிற்சி விமானம் ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். இது சோர்ஸ், மனிதர்கள் எழுதியது, நாமும் படிக்கலாம். இது கம்பைலர், இது இப்போது என்ன செய்கிறது பாருங்கள். பாயின் மகள் ஒரு கேள்வி கேட்டாள், அதிலிருந்து இன்னொன்று கிளைத்தது. நல்ல நேரம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னபோதுதான், வகுப்பு அரை மணிக்கு முன்பே தொடங்கிவிட்டது எனக்குத் தெரிந்தது.

புதுக் கர்னலை அதன் இடத்தில் வைத்து, அடுத்த முறை இதையே ஏற்று என்று மெஷினிடம் பதிவு செய்துவிட்டு, மெஷினை மறுபடி கிளப்பினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஏறின. மெமரி, ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி. பிறகு ஒரு வரியில் என் கார்டின் பெயர். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். பாயின் மகளைச் சுவரோரத்து முதல் மெஷினில் உட்காரவைத்தேன். அவள் தட்டினாள். நடு மெஷினுக்குள் போனாள். அங்கிருந்து தன் பெயரைத் திரையில் எழுதிக் காட்டினாள். மற்ற இருவரும் அதையே செய்தார்கள். நாலாவது பையன் நடு மெஷினிலேயே உட்கார்ந்துகொண்டான். என் கணவர் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதித் தாடை மட்டும் சவரம் ஆகியிருந்தது, அதை அன்று காலை முழுக்க யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கிண்டி ஆபீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதி முடித்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒருமுறை ரயில் ஏற வேண்டும். என் சீசன் டிக்கெட்டின் ஞாபகம் வந்தது. நான் விடுப்பில் இருந்தபோதும் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாகவே எடுத்துவந்தவர், மாதம் முடிந்து புதுசும் எடுத்திருப்பாரே என்று ஆணியில் மாட்டியிருந்த அவர் சட்டைப் பையில் பார்த்தேன். பிளாஸ்டிக் உறையில் அவருடையது மட்டும் இருந்தது.

“ஏங்க, என் சீசன் எங்க?”

“எடுக்கலை.”

“நீங்க இதை எப்ப எடுத்தீங்க?”

“நேத்திக்கு. வரும்போது.”

நேற்றைக்கு என்றால் அவர் கையில் மஞ்சள் பையில் ஐந்து ஃபிளாப்பி இருந்தபோது. அவற்றில் இருப்பது ஓடுமா என்று எங்கள் இருவருக்குமே தெரியாதபோது. கவுண்டரில் நின்று, வழக்கமாக இரண்டு கேட்பவர், ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொல்லாமல், காலையில் நான் கத்தியதையெல்லாம் சோப்பு நுரையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒருவேளை ஓடாம இருந்திருந்தா?”

அவர் மீதித் தாடைக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

“அப்ப பார்த்துக்கலாம்” என்றார்.

மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் கவுண்டரில், வெளியூரிலிருந்து வந்தவர்களோடு வரிசையில் நின்று, கிண்டிக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட் வாங்கினேன்.